ஜி.பி.எஸ். கருவியில் 'பாயிண்ட்'களைக் காப்பது எப்படி?

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கோவளம், நெம்மேலி, தேவநேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் எனத் தெற்கே ஆலம்பரைக்குப்பம் வரை மீனவக் குப்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இங்கிருந்து கடலுக்குப் போகும் பைபர் படகுகள் பலவற்றில் வலை, ஐஸ் பெட்டி, குடிநீர்க் கேன் ஆகியவற்றுடன் உள்ளங்கை அளவுள்ள ஜி.பி.எஸ். கருவியும் இடம் பெற்றுவிட்டது. செயற்கைக்கோள்களின் துணையால் கடலில் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி இது.

மீன் பட்ட இடம், வலையைக் கிழிக்கும் பார் உள்ள இடம், மூழ்கிய கப்பல் கிடக்கும் இடம், திரும்பி வரவேண்டிய கரை ஆகியவற்றை மீனவர்கள் இக்கருவியில் பதிந்து வைக்கின்றனர். இப்படிப் பதிந்த இடத்திற்குப் 'பாயிண்ட்' என்று பெயர். பல ஆண்டுகள் கடலில் உழைத்தவரின் கருவியில் சில நூறு பாயிண்ட்கள் கூடச் சேர்ந்திருக்கும். உழவருக்கு விதைநெல் எப்படியோ, மீனவருக்குப் பாயிண்ட் அப்படி. அடுத்த பருவத்தின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

இந்தச் செல்வம் ஒரே பட்டனில் அழிந்துவிடக் கூடியது. கருவி மெதுவாக வேலை செய்கிறது, செயற்கைக்கோள் கிடைக்கவில்லை, தேதி தவறாக வருகிறது, நினைவகம் நிறைந்துவிட்டதாகச் செய்தி வருகிறது என்று ஏதேனும் ஒரு காரணத்தால் கருவியை 'ரீசெட்' செய்துவிடுவது உண்டு. தடைக்காலத்தில் வீட்டில் சும்மா கிடக்கும் கருவியைக் கையில் எடுத்து, "அப்பா, பழசையெல்லாம் அழிச்சிட்டா நல்லா ஓடும்பா" என்று மகன் சொல்வதும், "சரி, பாத்துச் செய்" என்று தகப்பனார் சொல்வதும் இயல்பே. அழித்த பிறகுதான் இழப்பின் அளவு தெரியும். ஆனால் மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு முழு ரீசெட் தேவையே இல்லை.

மூன்று வகை நினைவு

கருவிக்குள் இருக்கும் நினைவை மூன்று வகையாகப் பிரித்து அறிந்து கொள்வது நல்லது.

முதல் வகை, வானத்தைப் பற்றிய நினைவு. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற கணக்கு இது. இதைக் கருவி தானாகவே வானத்திலிருந்து பெறுகிறது. அழிந்தாலும் மீண்டும் பெற்றுக் கொள்ளும்.

இரண்டாம் வகை, அமைப்புகள் பற்றிய நினைவு. இடத்தை எந்த முறையில் காட்டுவது, தூரத்தைக் கடல் மைலில் காட்டுவதா கிலோமீட்டரில் காட்டுவதா, நேரம் எந்த நாட்டுக்கு உரியது என்பன போன்றவை இதில் அடங்கும். இது அழிந்தால் தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும். கருவி ஓடிக் கொண்டுதான் இருக்கும். ஆனால் பயன்படுத்துபவர் கவனிக்காவிட்டால் தவறான இடத்துக்குக் கொண்டு போய் விடும்.

மூன்றாம் வகை, மீனவர் தாமே பதிந்த நினைவு. பாயிண்ட்கள், பாதைகள், படகு சென்ற தடம் ஆகியவை இவ்வகை. இவை அழிந்தால் எந்தச் செயற்கைக்கோளும் திருப்பித் தராது. வேறிடத்தில் எழுதி வைத்திருந்தால் மட்டுமே மீட்க முடியும்.

எந்தப் பட்டனையும் அழுத்தும் முன், இம்மூன்றில் எதை அழிக்கப் போகிறோம் என்று கேட்டுக் கொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வியே பெரும் இழப்பைத் தவிர்க்கும்.

செயற்கைக்கோள் கிடைக்காவிட்டால்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. இடத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் இரண்டு வகைத் தகவலை அனுப்புகிறது. ஒன்று, அது அப்போது இருக்கும் இடத்தின் துல்லியமான கணக்கு. இது 30 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். நாட்காட்டியில் அன்றன்று கிழிக்கும் தாளைப் போன்றது. சில மணி நேரமே செல்லும். மற்றொன்று, எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் பொதுவான பஞ்சாங்கம். இது முழுவதும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும்.

கருவியை இரண்டு மாதம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், அணைத்த நிலையில் வெகு தூரம் கொண்டு போனாலும், ரீசெட் செய்தாலும், அதனிடம் உள்ள கணக்கு பழையதாகிவிடும் அல்லது இல்லாமல் போய்விடும். அப்போது கருவி வானத்தைத் தேடிக் கொண்டே இருக்கும். இது கோளாறு அல்ல. புதிய வகைக் கருவிகள் இந்த நிலையிலும் ஒரு நிமிட அளவில் இடத்தைக் காட்டிவிடுகின்றன. பழைய கருவிகளுக்குக் கூடுதல் நேரம் ஆகும்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. கருவியைக் காங்கிரீட் வீட்டுக்குள்ளோ, தகரக் கூரையின் கீழோ வைத்துப் பார்க்கக் கூடாது. கடற்கரை மணலில், நாற்புறமும் வானம் தெரியும் இடத்தில், அசைக்காமல் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். படகைக் கடலில் தள்ளுவதற்கு முன்பே இதைச் செய்து முடிப்பது நல்லது. அலையில் ஆடும் படகில் நின்று கொண்டு பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்துவதால்தான் தவறுகள் நேர்கின்றன.

கருவி திரை உறைந்து நின்றுவிட்டால், பாட்டரிகளை வெளியே எடுத்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, சிறிது நேரம் கழித்துப் புதிய பாட்டரி போட்டுப் பார்க்கலாம். இன்று விற்கும் கையடக்கக் கருவிகளில் பாட்டரியை எடுப்பதால் பாயிண்ட்கள் அழிவதில்லை. அவை பாட்டரி இல்லாமலே நிலைத்திருக்கும் நினைவகத்தில் இருக்கின்றன.

தேதி தவறினால் ரீசெட் உதவாது

பழைய கருவிகள் சிலவற்றில் இடம் சரியாக இருக்கும். தேதி மட்டும் பல ஆண்டுகள் பின்தங்கி வரும். இதற்குக் காரணம் கருவியின் நினைவகம் கெட்டது அல்ல. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நாளை வாரக் கணக்கில் எண்ணுகின்றன. 1980 ஜனவரி 6 அன்று தொடங்கிய இந்தக் கணக்கில் 0 முதல் 1023 வரைதான் எண்ணிக்கை உண்டு. 1024 வாரம் முடிந்ததும், அதாவது ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதத்துக்கு ஒரு முறை, எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

முதல் முறை 1999 ஆகஸ்டிலும், இரண்டாம் முறை 2019 ஏப்ரலிலும் இவ்வாறு நேர்ந்தது. இரண்டாம் முறை இந்திய நேரப்படி ஏப்ரல் 7 காலை ஐந்தரை மணிக்கு எண் மாறியது. அப்போது நியூயார்க் நகராட்சியின் கம்பியில்லாத் தகவல் தொடர்பு அமைப்பே சில நாட்கள் முடங்கிப் போயிற்று. அடுத்த மாற்றம் 2038 நவம்பரில் வரும்.

எண்ணிக்கை மாறியதைப் புரிந்து கொள்ளாத பழைய கருவி 1024 வாரம் பின்னால் உள்ள தேதியைக் காட்டும். உதாரணமாக, 2025 ஜூன் 15 அன்று தடைக்காலம் முடிந்து புறப்படும் படகில் இத்தகைய கருவி 2005 அக்டோபர் 30 என்று காட்டும். கிழமை மட்டும் ஞாயிறு என்று சரியாகவே இருக்கும்!

இந்தத் தவறு கருவியின் உள் நிரலில் இருக்கிறது. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் தேதி திருந்தாது. பாயிண்ட்கள்தான் வீணாக அழியும். தயாரித்த நிறுவனம் புதிய நிரல் வெளியிட்டிருந்தால் அதை ஏற்றிக் கொள்ளலாம். இல்லாவிட்டால் இடத்தை மட்டும் நம்பி, தேதியையும், சூரிய உதய நேரத்தையும், தடத்தில் பதிந்துள்ள நாளையும் நம்பாமல் இருக்க வேண்டும்.

நினைவகம் நிறைந்துவிட்டால்

ஒவ்வொரு கருவிக்கும் கொள்ளளவு உண்டு. கார்மின் நிறுவனத்தின் ஜி.பி.எஸ். 72 எச் என்ற வகையில் 500 பாயிண்ட்களும், 50 பாதைகளும், 10,000 தடப் புள்ளிகளும் கொள்ளும். அதே நிறுவனத்தின் ஜி.பி.எஸ்.மேப் 78 வகையில் 2,000 பாயிண்ட்கள் வைக்கலாம். நிறைந்த பின் புதிய பாயிண்ட் பதிய முயன்றால் இடம் இல்லை என்ற செய்தி வரும். நல்ல மீன் பட்ட இடத்திலோ, வலை அறுந்து போன இடத்திலோ, இரவில் துணைப் படகைத் தேடும் நேரத்திலோ இப்படி நேர்ந்தால் நஷ்டம் பெரிது. ஆகவே எப்போதும் 50 பாயிண்ட்களுக்காவது இடம் காலியாக இருக்கும்படி பார்த்துக் கொள்ள வேண்டும்.

இடம் வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் அழிப்பது, களை எடுக்கப் போய்ப் பயிரையும் பிடுங்குவது போன்றது. களையை மட்டும் எடுக்கலாம். அழிக்கக் கூடியவை எவை?

முதலாவது, ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் மீன்வள அறிவிப்பிலிருந்து பதிந்த பாயிண்ட்கள். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், நீரில் உள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, மீன் கூடக்கூடிய இடங்களை இந்நிறுவனம் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு ஓரிரு நாளுக்கே உரியது. நீரோட்டம் மாறினால் மீனும் மாறிவிடும். சென்ற மாதத்து அறிவிப்பைக் கருவியில் வைத்திருப்பதால் பயனில்லை. அங்கே உண்மையில் நல்ல மீன் பட்டிருந்தால் மட்டும் தனிப் பெயரிட்டு வைத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை பதிந்தவை. ஒரு பாருக்கு மேல் ஒவ்வொரு முறை போகும்போதும் பட்டனை அழுத்துவதால் இவை சேர்கின்றன. ஒன்றை வைத்து மற்றவற்றை நீக்கலாம்.

மூன்றாவது, கை தவறிப் பதிந்தவை. கரையிலும், சாலையிலும், வீட்டு வாசலிலும் பதிந்துள்ள பாயிண்ட்கள் பல கருவிகளில் இருக்கும்.

நான்காவது, படகு சென்ற தடம். பாயிண்டும் தடமும் வேறு வேறு. 30 விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் பதிந்தால் 10,000 புள்ளிகள் 83 மணி நேரத்தில் நிறைந்துவிடும். நிறைந்ததும் பழைய புள்ளியின் மேல் புதியதை எழுதுமாறும் அமைக்கலாம். பதிவதை நிறுத்துமாறும் அமைக்கலாம். மேலெழுதும் அமைப்பே மீனவர்களுக்கு ஏற்றது. இல்லாவிட்டால் பனி மூட்டத்தில் வந்த வழியே திரும்ப நினைக்கும் நாளில் தடம் இருக்காது. முக்கியமான தடத்தைத் தனியே சேமித்துவிட்டு, நடப்புத் தடத்தை மட்டும் அழிக்கலாம். இதனால் பாயிண்ட்களுக்குப் பாதகம் இல்லை.

எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாதவையும் உண்டு. சொந்தக் குப்பத்தின் கரை, பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், புயலில் ஒதுங்குவதற்குரிய வடக்கே காசிமேடு, தெற்கே புதுச்சேரி ஆகிய துறைமுகங்கள், வலை சிக்கும் பார்கள் ஆகியவை இவ்வகை. மீன் பாயிண்ட் போனால் ஒரு நாள் வருமானம் குறையும். பார் பாயிண்ட் போனால் வலையே போகும்.

மெனுவில் கவனிக்க வேண்டியது

பல கையடக்கக் கருவிகளின் மெனுவில் 'ரீசெட்' என்ற தலைப்பின் கீழ் தனித்தனி வரிகள் இருக்கும். பயணக் கணக்கை அழித்தல் என்பது ஒன்று. இது சென்ற தூரம், வேகம் ஆகியவற்றை மட்டும் பூஜ்யமாக்கும், அச்சமில்லை. நடப்புத் தடத்தை அழித்தல் மற்றொன்று. அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டு வருதல் இன்னொன்று. எல்லாப் பாயிண்ட்களையும் அழித்தல் என்ற வரியும் இவற்றுக்கு இடையிலேயே இருக்கும். வரிகள் ஆங்கிலத்தில் இருப்பதாலும், ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதாலும் கை தவறுவது எளிது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அருகில் வைத்துக் கொண்டு, வரியை வாய்விட்டுப் படித்த பிறகே அழுத்த வேண்டும். 'நிச்சயமாகவா?' என்று கருவி கேட்கும். அதற்கு 'ஆம்' என்று அழுத்தும் முன் கையை எடுத்து ஒரு முறை யோசிப்பது நல்லது.

இவை தவிர, சில பட்டன்களைச் சேர்த்து அழுத்திக் கொண்டு கருவியை இயக்கினால் எல்லாமே அழியும் முழு ரீசெட்டும் உண்டு. இந்தப் பட்டன்கள் வகைக்கு வகை வேறுபடும். பக்கத்துப் படகுக்காரர் சொன்ன முறையைத் தம் கருவியில் செய்து பார்ப்பது கூடாது.

ரீசெட்டுக்குப் பின் வரும் மறைவான தவறு

பாயிண்ட் அழிந்தால் உடனே தெரியும். அமைப்பு மாறினால் தெரியாது. இதுவே அதிக ஆபத்தானது.

இடத்தைக் காட்ட மூன்று முறைகள் உண்டு. டிகிரி மட்டும் தசமத்தில் காட்டுவது ஒன்று. டிகிரியும், தசமத்தோடு கூடிய நிமிடமும் காட்டுவது மற்றொன்று. டிகிரி, நிமிடம், விநாடி என்று மூன்றாகக் காட்டுவது இன்னொன்று. மாமல்லபுரத்துக் கடலில் ஒரே அட்ச ரேகையை 12.6250 டிகிரி என்றும், 12 டிகிரி 37.500 நிமிடம் என்றும், 12 டிகிரி 37 நிமிடம் 30 விநாடி என்றும் எழுதலாம். மூன்றும் ஒன்றே.

இன்காய்ஸ் அறிவிப்பில் இடங்கள் டிகிரி, நிமிடம், விநாடி முறையில் வருகின்றன. கருவி தசம நிமிட முறையில் இருக்கும்போது, 37 நிமிடம் 30 விநாடி என்பதை 37.30 என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு நிமிட அட்ச ரேகை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 37.50 என்று பதிய வேண்டியதை 37.30 என்று பதிந்ததால் 0.20 நிமிடம், அதாவது சுமார் 370 மீட்டர் விலகிவிடும். சிறு பார் ஒன்றின் மேல் போடவேண்டிய தூண்டிலுக்கு இது பெரிய விலகல். பாரை விட்டு விலகிப் போடவேண்டிய வலைக்கோ இன்னும் பெரிய ஆபத்து. விநாடியை 60 ஆல் வகுத்து நிமிடத்தோடு சேர்த்தால் தசம நிமிடம் கிடைக்கும்.

இதே போல் வரைபட அடிப்படை என்ற அமைப்பு ஒன்றும் உண்டு. செயற்கைக்கோள் முறைக்கு உரியது 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்பதாகும். பழைய இந்திய நில வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற வேறு அடிப்படையில் வரையப்பட்டவை. இரண்டும் மாறிப் போனால் இந்தக் கடலோரத்தில் நூறு மீட்டருக்கு மேல் இடம் தள்ளிக் காட்டும். கருவி எப்போதும் 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்ற அமைப்பில் இருப்பதே சரி.

ரீசெட் செய்த பின் நேர அமைப்பையும் பார்க்க வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணி முன்னால் உள்ளது. தூர அளவு கடல் மைலா, கிலோமீட்டரா என்பதையும் பார்க்க வேண்டும். 10 கடல் மைல் என்பது 18.5 கிலோமீட்டர். டீசல் கணக்கிடும்போது இந்த வேற்றுமை கரை சேர்வதையே பாதிக்கும்.

இவை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சொந்தக் கரையில் மாறாத ஓர் இடத்தை, உதாரணமாகக் கோயில் வாசலையோ வலைப் பின்னும் கூடத்தையோ தேர்ந்து, அங்கே கருவி காட்டும் எண்ணைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். ரீசெட் செய்த பின் அதே இடத்தில் நின்று பார்த்தால் எண் ஒத்து வர வேண்டும். கடைசி இலக்கங்களில் சிறு வேறுபாடு இருந்தால் தவறில்லை. பெரிதும் மாறியிருந்தால் அமைப்பைத் திருத்தாமல் கடலுக்குப் போகக் கூடாது.

நூறு பக்க நோட்டு போதும்

பாயிண்ட்களைக் காக்க மிகச் சிறந்த வழி, செலவு குறைந்த வழியும் ஆகும். நூறு பக்க நோட்டு ஒன்றும், பென்சிலும் போதும். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். பென்சில் எழுத்து கலையாது.

நோட்டில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். பாயிண்டின் பெயர், வடக்கு எண், கிழக்கு எண், ஆழம், அடி மணலா சேறா பாரா என்ற விவரம், எந்த மாதத்தில் என்ன மீன் பட்டது, நீரோட்டம் வன்னியா தெண்டியா, கரையில் தெரியும் அடையாளம் ஆகியவற்றைக் குறிக்கலாம். ஆழத்தைப் பாகத்தில் எழுதுவோர் ஒரு பாகம் ஆறு அடி, அதாவது 1.83 மீட்டர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அறிவிப்பில் 36 மீட்டர் என்று வந்தால் ஏறக்குறைய 20 பாகம். நோட்டின் முதல் பக்கத்தில் எந்த முறையில் எண்கள் எழுதப்பட்டுள்ளன என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும்.

கருவி தானாகக் கொடுக்கும் 001, 002 என்ற எண்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டு ஆண்டு கழித்து 137 என்பது வஞ்சிரம் பட்ட இடமா, வலை கிழிந்த இடமா என்று யாருக்கும் நினைவிருக்காது. திரையில் தமிழ் எழுத்து வராத கருவிகளில் ஆங்கில எழுத்தில் சுருக்கப் பெயர் இடலாம். பார், கப்பல், கரை, மீன் என்று வகைக்கு ஒரு முதலெழுத்தும், அதனுடன் ஆழத்தின் எண்ணும் சேர்த்தால், எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பது பெயரிலிருந்தே விளங்கும்.

2000 மே மாதத்துக்கு முன் பதிந்த பாயிண்ட்கள் யாரிடமேனும் இருந்தால், அவற்றை நேரில் போய் மறுபடி பதிந்து கொள்வது நல்லது. அதுவரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையை வேண்டுமென்றே கலக்கி வைத்திருந்ததால், நூறு மீட்டர் வரை இடம் தவறிக் காட்டியது. 2000 மே 2 முதல் இது நீக்கப்பட்டது.

கம்பி வசதியுள்ள கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து எல்லாப் பாயிண்ட்களையும் ஒரே கோப்பாக எடுத்து வைக்கலாம். நோட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்தும் வைக்கலாம். ஆயினும் நோட்டை விட்டுவிடக் கூடாது. அதைப் படகில் வைக்காமல் வீட்டில், பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வைக்க வேண்டும். நகல் ஒன்று கடலோரத்தை விட்டுத் தள்ளி வசிக்கும் உறவினர் வீட்டில் இருப்பது இன்னும் நல்லது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியையும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயலையும் கண்ட கடலோரம் இது. படகுக்கும் வலைக்கும் நிவாரணம் கேட்கலாம். பாயிண்டுக்கு நிவாரணம் கிடையாது.

முழு ரீசெட் எப்போது?

மேலே சொன்ன எல்லாம் செய்தும் கருவி அடிக்கடி தானே அணைந்து போனாலோ, திரை உறைந்து நின்றாலோ முழு ரீசெட் செய்யலாம். கருவியை விற்கும்போதும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ரகசியமும் கருவியோடு போய்விடும். பழைய கருவியை விலைக்கு வாங்கியவர் பிறர் பதிந்த பாயிண்ட்களை நம்பிப் போகாமல் இருக்கவும் இது உதவும். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் பாயிண்ட்களை எழுதிக் கொள்வது அவசியம். பழுது நீக்கும்போது நினைவகம் அழிக்கப்படக் கூடும்.

அப்போது கடைப்பிடிக்க வேண்டிய வரிசை வருமாறு:

1. எல்லாப் பாயிண்ட்களையும் நோட்டில் எழுதி, ஒருவர் படிக்க மற்றொருவர் சரி பார்க்க வேண்டும்.

2. தற்போதைய அமைப்புகளை நோட்டின் முதல் பக்கத்தில் குறிக்க வேண்டும்.

3. புதிய பாட்டரி போட்ட பின்பே ரீசெட் செய்ய வேண்டும். நடுவில் மின்சாரம் நின்று போகக் கூடாது.

4. திறந்த வெளியில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும்.

5. அமைப்புகளைத் திரும்ப வைத்து, கரையில் உள்ள சோதனை இடத்தில் எண்ணை ஒத்துப் பார்க்க வேண்டும்.

6. முதலில் கரை, துறைமுகம், பார் ஆகியவற்றையும், பிறகு மீன் பாயிண்ட்களையும் பதிய வேண்டும்.

7. முதல் நாள் அருகில் உள்ள தெரிந்த பாருக்குப் போய்ச் சரி பார்த்த பின்பே ஆழ்கடலுக்குப் போக வேண்டும்.

கரை அடையாளத்தை மறக்க வேண்டாம்

ஜி.பி.எஸ். வருவதற்கு முன் பெரியவர்கள் கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒரே நேராகக் கொண்டு வந்து, மற்றொரு திசையில் வேறு இரண்டை நேராக்கி, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பாரைக் கண்டுபிடித்தனர். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், குன்றின் மேல் உள்ள கலங்கரை விளக்கம், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் புகைபோக்கி ஆகியவை இத்தகைய அடையாளங்களுக்கு ஏற்றவை. இவற்றுக்குப் பாட்டரி வேண்டாம். எந்தப் பட்டனாலும் அழியா. கருவியில் வளர்ந்த இளைஞர்கள் பலருக்கு இம்முறை பழக்கமில்லை. பெரியவர்கள் உள்ளபோதே அவர்களைப் படகில் அழைத்துப் போய், ஒவ்வொரு பாருக்கும் உரிய அடையாளத்தைக் கேட்டு நோட்டில் எழுதிக் கொள்வது பயன் தரும்.

ஆபத்து நேரத்திலும் இந்த நோட்டு உதவும். கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புப் போலீசாரை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இருக்கும் இடத்தைச் சொல்லும்போது எண்ணுடன், அது தசம நிமிடமா, விநாடியா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேடி வரும் படகுக்கு அலைச்சல் குறையும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கவும், வலையைச் சீர் செய்யவும் இக்காலம் பயன்படுகிறது. பைபர் படகு வைத்திருப்போரும் இந்த நாட்களில் ஒரு மாலைப் பொழுதைக் கருவிக்கு ஒதுக்கலாம். உப்பு படிந்த கருவியை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, பாட்டரியை வெளியே எடுத்து வைக்கலாம். தகப்பனார் இடத்தைச் சொல்ல, பிள்ளை நோட்டில் எழுதினால் சில நாளில் வேலை முடிந்துவிடும். பாயிண்ட்கள் அழியாமல் இருப்பதோடு, கடலைப் பற்றிய அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.